செயின்சாவால் பலகை அறுப்பது: முதல் பலகை ஏன் அலை அலையாக வந்தது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பின் கடைசியில், காற்றில் சாய்ந்த ஒரு பலாவும் ஒரு வேம்பும் கிடக்கின்றன. டிராக்டர் போக வழியில்லாததால் மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக முடியவில்லை. 58 சிசி செயின்சா, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தகடு), ஆன்லைனில் வாங்கிய அலாஸ்கன் மில் சட்டம் (பலகை அறுக்க பாரில் மாட்டும் சட்டம்), இந்த மூன்றையும் வைத்துப் பலாவில் நீங்களே பலகை அறுத்துப் பார்த்திருக்கிறீர்கள். எட்டடி நீளம் அறுக்கவே அரை நாளுக்கு மேல் ஆகிவிட்டது. தூள் மாவாக வந்தது, பாரில் புகை கிளம்பியது, மெஷின் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனது. பலகை முனையில் ஒன்றேகால் அங்குலம், நடுவில் முக்கால். மெஷினை மாற்ற வேண்டுமா, இல்லை இந்த வேலையையே விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விட வேண்டாம். மெஷின் சிறியதுதான், ஆனால் நீங்கள் சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவை அதனால் வந்தவை இல்லை. செயின் பல்லும், முதல் அறுப்புக்கு நீங்கள் வைத்த மட்டமும்தான் காரணம். இரண்டுமே எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலைகள்.

பல்லிலிருந்து தொடங்குவோம். கடையில் மெஷினோடு வரும் செயின், மரத்தைக் குறுக்கே துண்டு போடுவதற்கானது. குறுக்கே வெட்டும்போது பல் நாரைப் பக்கவாட்டில் அறுக்கிறது. பலகை அறுக்கும்போது ஒவ்வொரு பல்லும் நாரின் முனையில் போய் மோதுகிறது. அதனால்தான் அதே மெஷின் திடீரென்று வலுவிழந்ததுபோல் திணறுகிறது. குறுக்கு வெட்டுச் செயினில் பல்லின் மேல்தகடு சுமார் 30 டிகிரி சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். பலகை அறுக்கும் செயினில் இந்தச் சாய்வு 10 டிகிரி அளவில்தான் இருக்கும். ரிப்பிங் செயின் என்று கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. இருக்கும் செயினையே ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக 10 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரே நாளில் அரத்தைப் போட்டு ராவித் தள்ளினால் பாதிப் பல் போய்விடும், பொறுமையாகவே செய்யுங்கள்.

உங்கள் மெஷினில் பெரும்பாலும் .325 பிட்ச் செயின்தான் இருக்கும் (பிட்ச் என்பது செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு, அங்குலத்தில்). அதற்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். பாரை ஒரு கட்டையில் வெட்டிய காடிக்குள் இறுக்கி வையுங்கள். ஒரு பல்லில் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டு அங்கிருந்து ஆரம்பியுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், முன்னோக்கி மட்டும் தள்ளிச் சீவுங்கள். மேல்தகட்டின் விளிம்பை வெயிலில் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு மினுங்கினால் அந்தப் பல் இன்னும் மொட்டை. கூரான விளிம்பில் வெளிச்சம் தங்காது.

மெஷின் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். செயினில் இடப்பக்கப் பல், வலப்பக்கப் பல் என்று மாறி மாறி வரும். ஒரு பக்கத்துப் பற்கள் நீளமாகவோ கூராகவோ இருந்தால் அறுப்பு அந்தப் பக்கமாகவே சாயும். பாரைப் படுக்கையாகப் பிடித்து அறுக்கிறோம் என்பதால் இந்தச் சாய்வு பலகையின் கனத்தில் தெரியும். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கப் பற்கள் இயல்பாகவே நன்றாக அமைந்துவிடும், மறுபக்கம் குறைவாகத் தீட்டப்படும். வெர்னியர் வைத்து இரு பக்கமும் அளந்து, இருப்பதிலேயே குட்டையான பல்லின் அளவுக்கு மற்றவற்றைக் கொண்டுவாருங்கள். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேடு, அதாவது டெப்த் கேஜ், பல்லின் நுனியைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். வேகமாகக் கடிக்கட்டும் என்று அதை மேலும் தேய்க்கிறவர்கள் உண்டு. சிறிய எஞ்சினில் அப்படிச் செய்தால் செயின் கடித்துக்கொண்டு நின்றுவிடும்.

பல்லைத் தீட்டிய கையோடு மரத்தையும் சுத்தம் செய்யுங்கள். சாய்ந்து கிடக்கும் மரத்தின் பட்டையில் மண்ணும் மணலும் ஏறியிருக்கும். செயின் ஒரே ஒரு முறை மணலில் உரசினால் போதும், நீங்கள் தீட்டியதெல்லாம் வீண். அறுப்பு போகிற இடத்தில் பட்டையைக் கோடாலியால் செதுக்கி எடுத்துவிட வேண்டும். வீட்டோரம், சாலையோரம் நின்ற மரமாக இருந்தால் ஆணியையும் தேடுங்கள். விளம்பரத் தட்டி, கொடிக் கம்பி, மாடு கட்டிய வளையம், முள்வேலி என்று எதை எதையோ நம் மரங்களில் அடித்து வைத்திருப்பார்கள், மரமும் அதையெல்லாம் உள்ளே விழுங்கியிருக்கும். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் கருநீலக் கறை படியும். வெட்டு முகத்தில் அப்படி ஒரு கறை தெரிந்தால் அதற்கு நேராக உள்ளே எங்கோ ஆணி இருக்கிறது என்று பொருள். சிறிய மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினால் ஒரு செயின் தப்பித்தாலே போட்ட பணம் வந்துவிடும்.

தூளைப் பற்றியும் ஒன்று. பலகை அறுப்பில் நல்ல கூர்ச் செயின் போட்டாலும் குறுக்கு வெட்டில் வருவதுபோல் பெரிய சிராய் வராது, ரவை அளவில்தான் வரும். மாவாக வந்தால், அல்லது நீங்கள் மெஷினை உடம்பு பலத்தால் தள்ள வேண்டியிருந்தால், அப்போதே நிறுத்தித் தீட்டுங்கள். எட்டடி நீளத்தில் இரண்டு அறுப்புக்கு ஒரு முறை லேசாகத் தீட்டுவது வழக்கம். இதில் சோம்பல் கூடாது. பாரில் புகை வந்ததும் இதனால்தான்: மொட்டைச் செயின், போதாத எண்ணெய். எண்ணெய்த் துளையில் தூள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பலாப்பால் செயினில் பிசின்போல் ஒட்டும், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். வண்டியில் இருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் துகளும் கரியும் இருக்கும், பலகையிலும் உங்கள் தோலிலும் படியும்.

இனி மட்டம். என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. அலாஸ்கன் மில் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மேலே உள்ள சட்டம் ஒரு பரப்பின்மீது நகர்கிறது, அதற்குக் கீழே ஒரே ஆழத்தில் பார் ஓடுகிறது. மேலே என்ன வடிவம் இருக்கிறதோ அது அப்படியே கீழே இறங்கும். முதல் பரப்பில் ஒரு குழி இருந்தால் இரண்டாவது பலகையிலும் அந்தக் குழி வரும், மூன்றாவதிலும் வரும். முதல் பரப்பு கண்ணாடியாக அமைந்துவிட்டால் அடுத்து வருபவை எல்லாம் சுலபம். உருட்டுக்கட்டையின் முதுகில் தட்டையான இடமே கிடையாது என்பதால் அந்த முதல் பரப்பை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்க வேண்டும்.

நீங்கள் ஒரு பழைய பலகையை மேலே ஆணியடித்து அதன்மேல் ஓட்டியதாக எழுதியிருந்தீர்கள். பலகை நடுவில் தொய்ந்திருக்கும், மில்லும் அதோடு சேர்ந்து கீழே இறங்கியிருக்கும். முதல் பரப்பு அலை அலையாக அமைந்தது அதனால்தான். நேரான அலுமினிய ஏணி இருந்தால் அதுவே நல்ல வழி. இல்லையென்றால் வளைவில்லாத இரண்டு இரும்புச் சதுரக் குழாய்களை எடுத்து, குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் இணைத்து ஏணி மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். நீளம் கட்டையைவிட இரண்டடி கூடுதலாக இருக்க வேண்டும். இரு முனையிலும் ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் மில் மரத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் முழு ஆதாரத்தோடு இருக்கும். முனை வரை மட்டும் வைத்தால் நுழையும் இடத்தில் தலை குனியும், வெளியேறும் இடத்தில் பின்பக்கம் தொங்கும், இரு முனையிலும் பலகையின் கனம் மாறும்.

கட்டையைத் தரையிலிருந்து முக்கால் அடியாவது தூக்கி, இரண்டு குறுக்குக் கட்டைமேல் வைத்து, இருபுறமும் ஆப்பு அடித்து அசையாமல் நிறுத்துங்கள். மெதுவான சரிவு இருந்தால் அடிமரம் மேலேயும் நுனி கீழேயுமாக வையுங்கள், மெஷின் தன் எடையாலேயே இறங்கும், உங்கள் முதுகு பிழைக்கும். பிறகு இரு வெட்டு முகத்திலும் மரத்தின் நடுக்குருத்தை, அதாவது வளையங்களின் மையத்தை, கண்டுபிடித்துப் புள்ளி வையுங்கள். அடிமரம் பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பதால் மேல்முதுகை நம்பி ஏணியை வைத்தால் நடு தப்பும். நடுப்புள்ளியிலிருந்து ஏணி வரை இரு முனையிலும் ஒரே உயரம் வருமாறு நுனிப்பக்கத்தில் தக்கை கொடுத்து உயர்த்துங்கள். குழிவாளில் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று அறுத்த காலத்தில் இதே நடுப்புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, கரி தடவிய நூலை அடித்துக் கோடு போட்டுத்தான் வாளையே எடுப்பார்கள். உங்கள் ஊரில் வயதான ஆசாரி யாராவது இருந்தால் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைப் பார்த்ததும் முறுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஏணியின் இரு முனையிலும் குறுக்கே ரசமட்டம் வையுங்கள். இரண்டிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மட்டம் தரைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, இரு முனையும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால் போதும். அப்புறம் ஒரு முனையில் குனிந்து, ஒரு கண்ணை மூடி, இரண்டு சட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று மறைகின்றனவா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் எட்டிப் பார்த்தால் அங்கே முறுக்கு இருக்கிறது. ஏணியைப் பிடிக்கும் ஸ்க்ரூ அறுப்புக் கோட்டைத் தொடாத நீளத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும்.

அறுக்கும்போது முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்த பிறகே மரத்தைத் தொடுங்கள். ஒரே வேகத்தில், மெஷின் போகிற போக்கில் போங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் பலகையில் வரி வரியாகக் கோடு விழும். இரண்டடி உள்ளே போனதும் பின்னால் வெட்டில் ஆப்பு சொருகுங்கள், இல்லாவிட்டால் மேல்பலகை பாரின்மேல் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். மர ஆப்போ பிளாஸ்டிக் ஆப்போதான், இரும்பு கூடாது. அறுப்பு முடிந்ததும் உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு எஞ்சினை ஆறவிடுங்கள். இந்த வேலையில் எஞ்சின் ஒரே மூச்சில் முழு வேகத்தில் ஓடுகிறது, மரம் வெட்டும்போது அப்படி ஓடுவதில்லை. சாதாரண 2டி ஆயில் என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி என்ற கணக்கில் குறைக்காமல் ஊற்றுங்கள். பங்கில் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், வேலை முடிந்ததும் டேங்கில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

58 சிசிக்கு எவ்வளவு அகலம்? 22 அங்குல பாரில் மில்லின் பிடிகள் போக 18 அங்குலம் அளவுக்குத்தான் மிஞ்சும். ஆனால் பலா, வேம்பு போன்ற கெட்டி மரத்தில் 12 அங்குலத்துக்கு மேல் போனால் இந்த எஞ்சின் மூச்சு வாங்கும். அகலமான மேசைப் பலகைதான் வேண்டும் என்றால் 70 சிசிக்குக் குறையாத, முடிந்தால் 90 சிசி அளவிலான மெஷினை வாடகைக்குப் பாருங்கள். உங்கள் கட்டையை முதலில் நான்கு பக்கமும் சீவிச் சதுரமாக்கிவிட்டுப் பலகை போடுவதுதான் இருக்கும் மெஷினுக்கு ஏற்ற வழி.

சேதாரத்தையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 8 அடி என்று வைத்துக்கொள்வோம். மரவாடிக் கணக்கில் சுற்றளவில் கால் பங்கு 12, ஆக 12×12×8÷144, எட்டு கன அடி. மூலைகளில் கொஞ்சம் வளைவை விட்டுச் சதுரமாக்கினால் 12 அங்குல உயரம் நிற்கிறது. அதில் ஒன்றேகால் அங்குலப் பலகையாகப் போட்டால், மில்லில் உள்ள பேண்ட்சாவில் (மெல்லிய நாடா ரம்பத்தில்) 9 பலகை வரும். செயின்சா ஒவ்வொரு அறுப்புக்கும் சுமார் 8 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்குவதால் 7 பலகைதான் வரும். மெல்லிய பலகை நிறைய வேண்டுமென்றால் இந்த மெஷின் தோதுப்படாது. இரண்டு அங்குலம், இரண்டரை அங்குலம் என்று கனமாகப் போடுங்கள், சேதாரம் குறையும். தூண், உத்திரம், பெஞ்சு, படிக்கட்டு மாதிரி வேலைகளுக்கு இது அருமையான வழி.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்துப் போன பிறகு நம் பக்கத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வைரம் பாய்ந்த பலாவும் மாவும் வேம்பும் வெளியே எடுக்க வழியில்லாமல் விறகு விலைக்குப் போயின. அந்த மரங்களை அங்கேயே, விழுந்த இடத்திலேயே அறுக்கத் தெரிந்த ஆள் ஊருக்கு இரண்டு பேர் இருந்திருந்தால் எத்தனையோ வீட்டுக்கு நிலையும் கதவும் ஆகியிருக்கும். அதனால்தான் உங்களைப்போல ஒருவர் கேட்கும்போது இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வேம்பு இன்னும் வேரோடுதான் கிடக்கிறது என்கிறீர்கள். சாய்ந்த மரத்தில் வேர்த்தட்டு தூக்கிக்கொண்டு நிற்பது தண்டின் எடையால்தான். தண்டை வெட்டிய நொடியில் அது பழைய குழிக்குள் திரும்பி விழும், சில சமயம் அடிக்கட்டை நிமிர்ந்தே நின்றுவிடும். அந்தக் குழிக்குள் ஆளோ ஆடோ குழந்தையோ இருந்தால் தப்பிக்க நேரம் கிடையாது. குழிப்பக்கம் யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வெட்டுங்கள். வளைந்து விறைத்து நிற்கும் தண்டை முதலில் அழுந்திய பக்கத்தில் கொஞ்சம் வெட்டி, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிளந்து முகத்தில் அடிக்கும். இந்த ஒரு வெட்டுக்கு மட்டும் பழகிய ஆளைக் கூப்பிடுவது நல்லது.

கைலியும் ரப்பர் செருப்புமாக இந்த வேலையில் இறங்காதீர்கள். காலுக்குச் செயின்சா சாப்ஸ் (தொடையை மூடும் கவசம்), ஷூ, கண்ணாடி, காதுக்கு மஃப், மூக்குக்கு நல்ல மாஸ்க். சாப்ஸில் உள்ள நார் செயினில் சிக்கி அதை நிறுத்திவிடும், தொடை தப்பிக்கும். குனிந்து அறுப்பதால் சைலன்சர் புகை நேராக முகத்துக்கு வரும், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி கட்டையைத் திருப்பி வையுங்கள்.

அறுத்த பலகையை அன்றே அடுக்க வேண்டும். வெட்டு முனைகளில் பெயின்ட் அல்லது மெழுகு பூசுங்கள், மரவாடியில் சாணி பூசியிருப்பார்களே, அதே காரணம்தான்: முனை வழியாக ஈரம் வேகமாகப் போனால் வெடிப்பு விழும். நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் வைத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் மேலிருந்து கீழ் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், மேலே கனமான கல் ஏற்றுங்கள். வேம்பின் நார் பின்னிப் பின்னி ஓடுவதால் முறுக்கிக்கொள்ளும் குணம் உண்டு, அதற்குக் கல் கூடுதலாகவே வேண்டும். நடுக்குருத்து உள்ள பலகை எப்படியும் வெடிக்கும், அதைத் தூணாகக் கனத்தில் விட்டுவிடுங்கள். வைரத்துக்கு வெளியே உள்ள வெள்ளையில்தான் உளுக்கும் பூச்சி ஏறும். ஒரு பங்கு போரிக் ஆசிட், ஒன்றரைப் பங்கு போராக்ஸ், இரண்டும் சேர்த்து அரை கிலோவுக்குச் சற்று மேல், 10 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பலகை ஈரமாக இருக்கும்போதே பூசினால் உள்ளே இறங்கும். காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு பலகையை மாதம் ஒருமுறை எடை போடுங்கள், எடை குறைவது நின்றால் ஆசாரியைக் கூப்பிடலாம்.

தென்னையும் அறுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அறுக்கலாம், ஆனால் அதில் கணக்கே வேறு. வைரம் வெளியே, சோறு உள்ளே. அடிப்பாகத்தின் வெளிச்சுற்றில் மட்டும் சட்டம் எடுக்க முடியும், மரத்துக்குள்ளேயே மணல்போன்ற சிலிக்கா இருப்பதால் செயின் சீக்கிரம் மழுங்கும். பலாவில் கை பழகிய பிறகு பாருங்கள். தேக்கு, சந்தனம் என்றால் வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் தொடாதீர்கள்.

பலாவின் அடிமரத்தில் நாலடி மிச்சம் இருக்கிறதாமே, அதைப் பலகையாக்க அவசரப்பட வேண்டாம். மிருதங்கத்துக்குச் சுமார் இரண்டடி நீளக் கட்டைதான் வேண்டும், பலாவைத்தான் தேடுவார்கள், பண்ருட்டி மரத்துக்கு அதனாலேயே பெயர். வெடிப்பும் பொந்தும் இல்லாமல் முழுக்க மஞ்சளாக வைரம் இருந்தால் இரு முனையிலும் மெழுகு பூசி நிழலில் போடுங்கள். தஞ்சாவூரில் வீணை, மிருதங்கம் செய்கிறவர்கள் யாரையாவது கூட்டிவந்து காட்டிவிட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் அப்புறம் ஏணியை வையுங்கள்.